சம்பந்தியும் மூன்று பூ மூட்டைகளும்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு தூத்துக்குடிக்காரர். பெயர் ஜெசிந்தா. கரட்டுமேடு என்ற ஊரில் ஒரு சின்ன ஓடுதளம் இருந்தது. அங்கே ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீடர் அத்தியப்பன் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். முப்பது வருஷமாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒருநாள் மேலே போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு வயது ஏது?

நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். ஆனால் வாத்தியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவதில் என்ன பெருமை? தனியாக ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். அதற்கு குரு அனுமதி எழுதித் தர வேண்டும். அவருக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் தனியாகப் போய் வந்து லட்டும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது லட்டு அத்தியப்பனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"ஏனுங் கேப்டன், என்னைய எப்பத் தனியா உடுவீங்க?"

"ஒரு கேள்வி கேக்கேன், பதில் சொல்லுங்க அண்ணாச்சி. இந்தச் சின்ன ஹெலிகாப்டரெல்லாம் எதனால விழுது?"

"இஞ்சின் நின்னு போறதுனாலங்க."

ஜெசிந்தா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "வாங்க, ஒரு சுத்து போவோம்" என்றார்.

ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், அத்தியப்பன் தன் தோட்டத்துக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தா இஞ்சினைத் தணித்துவிட்டார். சத்தம் அடங்கிப்போனது. அத்தியப்பன் குலதெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெசிந்தா இடது பக்கத்துக் கைப்பிடியைக் கீழே அழுத்தினார். இறங்க இறங்க எதிர்த்து வந்த காற்றே மேல் விசிறியைச் சுற்றிக் கொடுத்தது. வண்டி சறுக்கிக்கொண்டே வந்து ஓடுதளத்து ஓரப் புல்லில் உட்கார்ந்தது.

"இஞ்சின் நின்ன மாதிரிதானே? விழுந்தோமா?"

"இல்லைங்க." சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அப்ப வேற பதில் யோசிச்சுட்டு வாங்க."

அத்தியப்பன் ஒரு வாரம் யோசித்தார். ஆடி மாதம் அவருக்குப் பதிலைக் கொடுத்தது.

"காத்துனாலங்க" என்றார், நடந்து வரும்போதே.

ஜெசிந்தா அவரைக் கொட்டகைக்குள் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வடை. பிறகு இன்னொரு டீ. வெளியே தகரக் கூரையைக் காற்று பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. இருவரும் மழை, விலைவாசி, தூத்துக்குடி மக்ரூன் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் ஆகிவிட்டது.

"இன்னைக்கு நல்ல காத்து, என்ன?"

"பேய்க் காத்துங்க."

"விழுந்தோமா?"

அத்தியப்பன் பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த தடவை அவர் ஏமாறவில்லை. புத்தகத்தை முழுக்க உருப்போட்டுக்கொண்டு வந்து, நின்ற இடத்திலேயே மூச்சு விடாமல் ஒப்பித்தார். கண்ணுக்குத் தெரியாத கரண்டுக் கம்பி, திடீரென்று மூடிக்கொள்ளும் மேகம், வற்றிப்போன பெட்ரோல், வால் விசிறியில் சிக்கும் துண்டு, அளவுக்கு மீறின பாரம், விசிறி வேகம் குறைந்துபோவது என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அம்புட்டும் சரி. நூத்துக்கு நூறு" என்றார் ஜெசிந்தா.

"அப்பத் தனியாப் போலாங்களா?"

"எழுத்துப் பரிச்சைக்குப் போலாம்."

அத்தியப்பனுக்குக் கோபம் வந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. தம்பி மகள் வயதுப் பெண்ணிடம் கைகட்டி நின்று, எல்லாம் சரியாகச் சொல்லியும் பெயிலாவது என்றால் என்ன நியாயம்? ஆனாலும் பாருங்கள், மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து நின்றார். விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

ஆவணியில் அத்தியப்பனின் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவுவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. தானே ஓட்டி வந்து தூவுவதாக அத்தியப்பன் பங்காளிகள் கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஜெசிந்தா பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம். கேட்டார். ஜெசிந்தா உடனே ஒத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. யாரை ஏத்தணும், எப்பக் கிளம்பணும், எல்லாம் உங்க இஷ்டம். நான் சும்மா இருப்பேன். கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

"அதுக்கென்னங்க!" என்றார் அத்தியப்பன். உள்ளுக்குள் ஒரே குஷி. இதுதான் பரீட்சை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பூவை அழகாகத் தூவிவிட்டால் மறுநாளே தனியாகப் போகலாம்.

நோட்டுப் போட்டுக் கணக்காகத் தயாரானார். தன் எடை, கேப்டன் எடை, பூத் தூவ வரும் கோயில் பண்டாரத்தின் எடை, பெட்ரோல், மூன்று மூட்டை செவ்வந்தி. பூவை முதல் நாள் சாயங்காலம் தராசில் வைத்தே எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது.

அந்த ஆள் மறுநாள் காலை பட்டு வேட்டியில் வந்து சேர்ந்தார்.

கோயிலுக்குப் பக்கத்துச் சோளக்காட்டை வெட்டிச் சமன்படுத்தி ஹெலிகாப்டரை நிறுத்தியிருந்தார்கள். ஊரே வேலி ஓரம் நின்றது. மைக்கில் ஒருவர் நிமிஷத்துக்கு ஒருமுறை அத்தியப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சம்பந்தி குழந்தைவேலு வந்தார். அத்தியப்பன் மகளை அவர் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். நல்ல மனுஷன், தாட்டியான உடம்பு.

"நானும் ஒரு சுத்து வந்துட்டுப் போறனுங் சம்பந்தி" என்றார். சொல்லும்போதே ஒரு கால் உள்ளே இருந்தது.

அத்தியப்பன் நோட்டைப் பிரித்தார். "ஏறுங்க, ஏறுங்க. அளவுக்குள்ளதான் வருது. இல்லீங்களா கேப்டன்?"

ஜெசிந்தா வானத்தைப் பார்த்தார்.

பூ மூட்டைகளை ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பூ வாடிவிடக் கூடாதே என்று பெண்கள் விடிகாலையிலிருந்து குடம் குடமாகத் தெளித்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் அத்தியப்பன் நோட்டில் இல்லை. அவர் மூட்டையைப் பார்க்கவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தம் ஊற்ற இன்னும் எட்டு நிமிஷம்.

விசிறி சுற்றியது. புழுதி பறந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. அத்தியப்பன் இடது கைப்பிடியை மெல்லத் தூக்கினார். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்று அடி.

அதற்கு மேல் போகவில்லை.

இன்னும் கொஞ்சம் தூக்கினார். காதுக்குள் ஹாரன் அலறியது. விசிறியின் வேகம் குறைகிறது என்று அர்த்தம். ஊர் கைதட்டியது. ஊருக்கு என்ன தெரியும், மூன்று அடியும் பறப்பதுதானே!

பின்னால் சம்பந்தி, "அப்படியே மேல போங்க சம்பந்தி!" என்று கத்தினார்.

தண்ணீர் வராத கிணற்றில் 'இன்னொரு அம்பது அடி போட்டுப் பாத்தரலாமுங்க' என்று முப்பது வருஷம் சொல்லிப் பழகிய மனுஷன் அத்தியப்பன். கை தானாக மேலே போகப் பார்த்தது. அத்தியப்பன் பக்கத்தில் திரும்பினார். ஜெசிந்தாவின் கைகள் மடியில்தான் இருந்தன. ஆனால் விரல்கள் விரிந்திருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

எதிரே ஊர். ஊருக்கு மேலே கோபுரம். கோபுரத்தின் மேல் குடத்தோடு நிற்கும் குருக்கள்.

அத்தியப்பன் கைப்பிடியைக் கீழே இறக்கினார். வண்டி சோளக்காட்டில் உட்கார்ந்தது. ஹாரன் நின்றது. கைதட்டலும் நின்றது.

"என்னாச்சுங் சம்பந்தி?"

"வண்டி தூக்குலீங்க. பாரம் சாஸ்தி. நீங்க எறங்கோணுமுங்க."

"நானா?"

"நீங்களும் ரெண்டு மூட்டையும்."

வேலி ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழந்தைவேலுவின் முகம் சிவந்துவிட்டது. "ஊரு முன்னால இப்படி எறக்கி உடறீங்களே, இது நல்லா இருக்குதுங்களா? நாளைக்கு நீங்க என்ற ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கோணும்!"

"குடுக்கறதுக்கு நான் இருக்கோணுமுங்களே!" என்றார் அத்தியப்பன். "வாங்கறதுக்கு நீங்களும் இருக்கோணுமுங்க."

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கோபம் கோபம்தான். ஆனாலும் போகும்போது ஒரு மூட்டையைத் தானே தோளில் தூக்கிப் போனார். நாலு எட்டு வைத்ததும் மூட்டையை இறக்கிவிட்டு, "ஐயோ சாமி, கல்லாட்டம் கனக்குதே!" என்றார்.

இதற்குள் கோபுரத்தில் தீர்த்தம் ஊற்றிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கருடன் வந்து வட்டமடித்தது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மைக்குக்காரருக்குப் பக்தி தலைக்கேறியது.

"கருட பகவான் வந்துட்டாருங்கோ! அத்தியப்பண்ணன் வந்துக்கிட்டே இருக்காருங்கோ!"

அத்தியப்பன் வந்தார், ஒன்பது நிமிஷம் தாமதமாக, ஒற்றை மூட்டையோடு. வண்டி லேசாக எழும்பிவிட்டது. ஆனால் நனைந்த செவ்வந்தி தூவலாக விழ மறுத்தது. பண்டாரம் எவ்வளவு உதறியும் உருண்டை உருண்டையாகத்தான் விழுந்தது. ஒரு உருண்டை மைக்குக்காரர் தலையில் விழுந்ததும் பத்து நிமிஷம் ஊருக்கு நிம்மதியாக இருந்தது.

பந்தியில் குழந்தைவேலு பக்கத்து இலைக்காரர்களிடம் தன் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பார் வந்தபோது முப்பது அடி. ரசத்துக்கு முந்நூறு. மோர் வருவதற்குள் திருச்செங்கோட்டு மலையே தெரிந்துவிட்டது. சம்பந்தி மேல் இருந்த கோபம் எந்த உயரத்தில் கரைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

அத்தியப்பன் சாப்பிட வரவில்லை. ஹெலிகாப்டர் நிழலில் உட்கார்ந்து, தரையில் ஒட்டியிருந்த இதழ்களைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா இரண்டு டம்ளரில் பாயசம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"வேண்டாமுங்க."

"குடிங்க அண்ணாச்சி. முந்திரி நெறைய கெடக்கு."

வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"நேரத்துக்குப் போக முடியல. பூவும் பூவா உழுகல. சம்பந்தியையும் எறக்கி உட்டாச்சு. பங்காளிக காலத்துக்கும் சொல்லிக் காட்டுவானுக." டம்ளரைத் தரையில் வைத்தார். "ஏனுங் கேப்டன், நான் இன்னுங் கொஞ்சம் தூக்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பிடுங்கி எறக்கியிருப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் உங்களுக்கு வேற வாத்தியாரைப் பாத்துக் குடுத்திருப்பேன்."

ஜெசிந்தா தன் டம்ளரைக் காலி செய்தார். வண்டிக்குள்ளிருந்து அத்தியப்பனின் பறப்புப் பதிவேட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து நிதானமாக நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தார். அத்தியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"நாளைக்கு நான் தனியாவுங்களா?"

"காலையில ஆறரைக்கு."

"அந்தளவுக்கா இன்னைக்கு நல்லாப் பறந்தனுங்க?"

"பறந்தது சுமார்தான் அண்ணாச்சி. மூணு அடியில இருந்து எறங்குனிய பாருங்க, அது நல்லாருந்துச்சு."