முள்ளம்பன்றியும் வெள்ளச் செய்தியும்

காட்டாற்றங்கரையில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு முள்ளம்பன்றிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? போன வருட வெள்ளத்தில் அதன் மூத்த குட்டி வளைக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போனது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு குட்டி. மலைமேல் மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் காட்டில் வெள்ளச் செய்தி சொல்ல ஒரு முறை இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுவதை முதலில் பார்ப்பது மீன்கொத்தி. அது குரங்கிடம் சொல்ல வேண்டும். குரங்கு நரியிடம் சொல்லும், நரி தலைவர் கரடியிடம் சொல்லும். கரடி யோசித்து உத்தரவு போட்டால்தான் யானை பிளிறும். போன தடவை கரடி வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. யானை பிளிறியபோது வளைகளுக்குள் தண்ணீர் புகத் தொடங்கிவிட்டது.

இந்த வருடம் கரடி கூட்டம் போட்டது.

"முறையைச் சீர்திருத்தப் போறோம்!" என்றது நரி. "செய்தி சரியா வருதான்னு பார்க்க நடுவுல ஓநாயைப் போடுறோம். ஓநாயைக் கண்காணிக்கக் கழுதைப்புலி!"

"ஆஹா! பிரமாதம்!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்துக்கொண்டன. "செய்தி தாமதமா வந்துதான் என் பிள்ளை செத்தான்! இன்னும் ரெண்டு பேரை நடுவுல நுழைக்கிறீங்களே, வெட்கமா இல்லை? வளையில கிடக்கிற எங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

"கேட்க என்ன இருக்கு? என் காட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று உறுமியது கரடி.

முள்ளம்பன்றி விருட்டென்று எழுந்து நேரே எலியிடமும் கீரியிடமும் போனது. "அன்னைக்கு வெள்ளம் வந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பிளிறல் கேட்டுச்சா?"

"மண்ணுக்குள்ள பிளிறல் எங்கே கேட்குது! யானை ஓடினப்ப தரை அதிர்ந்துச்சு. அதுலதான் முழிச்சேன்" என்றது எலி. கீரியும் அதையே சொன்னது.

யானை சீக்கிரம் பிளிறினால் போதும் என்றுதான் முள்ளம்பன்றியும் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தது.

உடனே யானையிடம் ஓடியது. "அண்ணே, எங்க வளைப் பக்கம் வந்து ஒரு மிதி மிதிச்சுக் காட்டுங்க. செஞ்சு பார்த்திடுவோம்!"

போன வருடத்திலிருந்து யானைக்கும் மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வந்தது, ஓங்கி மிதித்தது. எலியின் வளை பொலபொலவென்று இடிந்து விழுந்தது.

"அட பாவிகளா! காப்பாத்தச் சொன்னா உயிரோட புதைக்கிறீங்களே!" என்று மண்ணைத் துப்பிக்கொண்டே வெளியே வந்தது எலி.

"தப்பு என்னோடதுதான். எங்கே மிதிக்கணும்னு நீயே சொல்லு" என்றது முள்ளம்பன்றி.

எலி தள்ளியிருந்த ஒரு பாறையைக் காட்டியது. யானை அதன்மேல் மிதித்தது. அதிர்வு நன்றாகத் தெரிந்தது, ஒரு வளையும் இடியவில்லை. கீரிக்கு மட்டும் சரியாகத் தெரியவில்லை. "நான் வெளியே வர்றப்ப உன்னையும் எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன்" என்றது எலி. மறுநாள் மீன்கொத்தியையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு தடவை செய்து பார்த்தன. அன்று மாலையே மலையில் மழை கொட்டியது.

மீன்கொத்தி நேராக யானையிடம் பறந்து வந்தது. யானை பாறையை மிதித்தது. முள்ளம்பன்றி குட்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியது. எலியும் கீரியும் பின்னாலேயே ஓடிவந்தன. மீன்கொத்தி அதன்பிறகு குரங்கிடமும் போய்ச் சொல்லத்தான் செய்தது. அந்தச் செய்தி கழுதைப்புலியைத் தாண்டவே இல்லை.

குகைக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் கரடிக்கு விஷயம் தெரிந்தது. நரியோடு நனைந்து நடுங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தது. "யாரைக் கேட்டு இங்கே வந்தீங்க? நான் உத்தரவே போடலையே!"

நரி சுற்றிலும் பார்த்தது. "விடுங்க தலைவரே, எல்லாரும் பிழைச்சிருக்காங்க. நம்ம சீர்திருத்தம் ஜெயிச்சிடுச்சு!"

முள்ளம்பன்றி முட்களை விரித்துக்கொண்டு கரடியின் முன்னால் வந்து நின்றது. "எது ஜெயிச்சுது? இதுக்கு எங்களுக்கு ரெண்டு நாள்கூட ஆகலை! போன வருஷமே எங்க வளைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என் மூத்தவனும் இப்ப இந்த மேட்டுல நின்னிருப்பான்!"

கரடி தலையைக் குனிந்துகொண்டது. முள்ளம்பன்றி அதை மன்னிக்கவில்லை.

யாருக்காக ஒரு முறையை வகுக்கிறோமோ அவர்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து சிறிதாகச் செய்து பார்த்துப் பிழை திருத்துவதே சீர்திருத்தம். நடுவில் ஆட்களை அடுக்குவது அல்ல.