தடைக்காலத்து ஐஸ்

"ஊரை எப்படித் திருத்துறதும்மா?" என்று கேட்டுக்கொண்டே மடத்துக்குள் வந்தார் தனக்கோடி.

மீனவர் சங்கத் தலைவர் அவர். சங்கத்துக்குச் சொந்தமான ஐஸ் கம்பெனியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். இரண்டு கைகளிலும் சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி. குருவைப் பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா?

குரு நீலாயி அம்மா, தலைவரைவிடப் பத்து வயது இளையவர். அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஊர் என்ன பண்ணிச்சு தலைவரே?"

"ஐஸ் போடுற பழைய மெஷின்தாம்மா பிரச்சினை. போன வாரம் கேஸ் கசிஞ்சு, அதுல வேலை பார்க்கிற அஞ்சப்பன் மயங்கி விழுந்துட்டான். அவன் பொழைச்சது மறுபிறப்பு. அடுத்த தடவை யாரைத் தூக்கிட்டுப் போகப்போறோமோ தெரியல."

"புதுசு வாங்கினீங்களே?"

"வந்து தார்ப்பாய்க்குள்ள கிடக்கு. பழசு நிக்கிற மேடையிலதான் அதை வைக்கணும், வேற இடம் கிடையாது. ஆனா பழசை நிறுத்த ஒருத்தரும் சம்மதிக்கல. நிறுத்தினா திரும்ப ஓடாதாம். புதுசு ஓடுறதைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் பழசை நிறுத்துங்கிறாங்க."

"இப்ப மீன்பிடித் தடைக்காலமாச்சே. படகெல்லாம் கரையில கிடக்கு. ஓடுற மெஷின்ல வர்ற ஐஸ் யாருக்கு?"

தனக்கோடி தலையைக் குனிந்தார்.

"கடல்ல கொட்டுறோம்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? கொளுத்துகிற வெயிலில் ஊரே கூடி ஐஸ் செய்து, ஊரே கூடி அதைக் கடலில் கரைக்கிறது.

"ஊருக்குப் பயம். சரி. உங்களுக்கு?"

"எனக்கென்ன..." என்று இழுத்தார். அவருக்கும் பயம்தான். தடை முடிந்து படகு இறங்குகிற அன்றைக்குப் புதுசு மக்கர் பண்ணினால், ஊர் அவர் முகத்தில்தான் காறித் துப்பும்.

"இந்த ஐஸை எங்க வைக்கிறதும்மா?"

"கையிலேயே இருக்கட்டும்."

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரல்கள் மரத்துப்போயின. அம்மா ஒரு கிண்ணத்தில் சூடாகக் கஞ்சியை ஊற்றி நீட்டினார்.

"பிடிங்க."

"முதல்ல இதைக் கீழ வச்சிடுறேன்."

"வேண்டாம். கஞ்சியைக் குடிச்சுப் பாருங்க. நல்லா இருந்தா அப்புறம் ஐஸைக் கீழ வைக்கலாம்."

"விளையாடுறீங்களா? ரெண்டு கையும் இதுல மாட்டியிருக்கு. இதை விடாம அதை எப்படி வாங்க..."

தனக்கோடி கையிலிருந்த ஐஸைக் குனிந்து பார்த்தார்.

அம்மா கிண்ணத்தை நீட்டியபடியே இருந்தார்.

ஐஸ் கட்டி தரையில் விழுந்து சிதறியது. தனக்கோடி கஞ்சியை வாங்கி நின்றபடியே குடித்து முடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே ஐஸ் கம்பெனிக்கு நடந்தார்.

பழைய மெஷினின் சுவிட்சில் கை வைத்தார். கீழே இழுத்தார்.

மெஷின் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. அந்த இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்த சனங்கள், தைத்துக்கொண்டிருந்த வலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள்.

"தலைவரே! நின்னுபோச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். வாங்க, வந்து தார்ப்பாயை அவிழுங்க."