செம்பி கட்டிய பூச்சி

மலைக்காட்டு ஓடைக் கரையில் செம்பி என்ற தையல்சிட்டு குடியிருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதில் அந்தக் காட்டில் அதற்கு இணை கிடையாது. அந்தப் பெருமையும் அதற்குக் கொஞ்சம் உண்டு.

அதே ஓடையில் ஒரு கொக்கு மீன் பிடித்து வாழ்ந்தது. செம்பி முட்டையிட்டிருந்தபோது கூட்டுக்கு வந்த பாம்பைக் கொத்தி விரட்டியது அந்தக் கொக்குதான்.

ஒருநாள் பாறை உருண்டு கொக்கின் கால் நசுங்கிவிட்டது. ஓடை நடுவே ஒரு கல்லின் மேல் நிற்க முடிந்ததே தவிர, ஓர் அடிகூட எடுத்து வைக்கவோ, உந்திப் பறக்கவோ முடியவில்லை. டிரவுட் மீன்களோ எதிர்க்கரை ஆழத்தை விட்டு வரவில்லை. மூன்று நாளாகப் பட்டினி!

"என்ன கொக்கண்ணா, இப்படி இளைத்துப் போய்விட்டாயே!" என்று பதறியது செம்பி.

"மீன் என் பக்கம் வந்தால்தானே, தங்கச்சி! தண்ணீரில் பூச்சி விழுந்தால் பாய்ந்து வரும். என் காலடியில் எந்தப் பூச்சி விழப் போகிறது?"

"விழாவிட்டால் போகட்டும்! நானே ஒரு பூச்சி செய்து தருகிறேன்!"

செம்பி பறந்தது. தேன்சிட்டு உதிர்த்த ஊதா இறகைக் கொண்டு வந்தது. சிவப்புப் பூவிதழைக் கிள்ளி இறக்கை வைத்தது. மஞ்சள் மகரந்தத்தைப் பூசியது. சிலந்தி நூலால் இறுக்கிக் கட்டியது. பூச்சி தகதகவென்று மின்னியது!

காட்டுப் பறவைகள் எல்லாம் கூடிவிட்டன. "அடேயப்பா! கல்யாணத்துக்கே இதைச் சூடிக்கொண்டு போகலாம்!" என்றது மைனா. செம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

கல்லுக்குப் பின்னால் நீர் சுழலும் இடத்தில் கொக்கு அதை மெல்ல விட்டது. ஒரு மீன் மேலே வந்தது. பார்த்தது. மிரண்டு, வாலைச் சுழற்றி ஆழத்துக்கு ஓடியே போய்விட்டது!

அந்த நேரம் பார்த்து ஒரு தேன்சிட்டு விர்ரென்று வந்து பூச்சியில் அலகை நுழைத்தது. "சே! பூ என்று நினைத்தல்லவா வந்தேன்!" என்று சலித்துக்கொண்டு பறந்தது.

பறவைகள் சிரித்தன. செம்பிக்கு முகமே சுண்டிப்போயிற்று. "ரசனை கெட்ட மீன்கள்!" என்று முணுமுணுத்தபடி ஒரு செடியின் அடியில் போய் உட்கார்ந்தது. கல்லின் மேல் கொக்கு கண் செருகி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்கச் செம்பியின் கோபம் கரைந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேலே சிலந்தி வலையில் ஒரு பூச்சி சிக்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் பளபளக்கும் பூச்சிதான் அது. கீழிருந்து பார்க்கும்போது பளபளப்பே காணோம். சாம்பல் நிற வயிறும், முடி போன்ற கால்களும்தான் தெரிந்தன.

செம்பி துள்ளி எழுந்தது. "அட, மக்கு நான்! மீன் கீழேயிருந்துதானே பார்க்கும்! மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அல்லவா நான் செய்தேன்!"

உடனே தன் வயிற்றிலிருந்தே மங்கலான தூவிகளைப் பிடுங்கியது. அவற்றைக் காய்ந்த புல் துணுக்கில் சுற்றிக் கட்டியது. கால்களுக்கு ஆறு நார், வாலுக்கு இரண்டு. அவ்வளவுதான்.

"இது என்ன, பூச்சியா, குப்பையா?" என்று கேலி செய்தது மைனா.

"உன்னையா சாப்பிடச் சொன்னேன்? மீன் சொல்லட்டும்!" என்றது செம்பி.

கொக்கு அதை நீரில் விட்டது. பூச்சி லேசாக மிதந்து சுழன்றது. எதிர்க்கரையில் ஒரு நிழல் அசைந்தது. நெருங்கியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு டிரவுட் 'சளக்' என்று பாய்ந்தது! கொக்கின் அலகும் பாய்ந்தது!

"கிடைத்துவிட்டது, தங்கச்சி! கிடைத்துவிட்டது!" என்று வாய் நிறைய மீனோடு கத்தப் பார்த்தது கொக்கு. மீன் நழுவப் பார்த்தது. கொக்கு அவசரமாக வாயை மூடிக்கொண்டது. செம்பி சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து தவறி விழப் போயிற்று!

கால் ஆறும்வரை தினமும் ஒரு பூச்சி கட்டிக் கொடுத்தது செம்பி. கொக்கும் நன்றாகத் தேறி, ஓடை முழுக்கப் பழையபடி நடை போட்டது.

ஒரு பொருளை யாருக்காகச் செய்கிறோமோ அவர் கண்ணால் பார்த்துச் செய்தால்தான், செய்த வேலை பலன் தரும்.