வார்டுக்கு உருண்டு வந்த ஆபீஸ்

ரெண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார் லாரி டிரைவர் சேர்மதுரை. மகளை நர்சிங்கில் சேர்க்க, அவர் போடும் கையெழுத்துக்கு அன்று சாயங்காலத்துக்குள் நோட்டரி முத்திரை வேண்டும். வார்டைப் பெருக்கும் மாரிக்கனி, எதிரே இருந்த நோட்டரி வக்கீல் வைகுண்டத்திடம் ஓடினாள்.

"ஆபீசைத் தாண்டி முத்திரை குத்த மாட்டேன். அவரை இங்கே வரச் சொல்லு!"

"ஆபீசுன்னா இந்தக் கட்டடமா சார்?"

"கட்டடம் வாடகைக்கு எடுத்தது. நான் உட்காரும் இந்தச் சுழல்நாற்காலிதான் ஆபீஸ்!"

"சரிங்க சார்" என்று வெளியே வந்து நின்றாள். வக்கீல் டீ குடிக்க எழுந்து போனதுதான் தாமதம், நாற்காலியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். டவுன் பஸ்சே நின்று வழிவிட்டது. வக்கீல் டீ கிளாசோடு துரத்திக்கொண்டு வார்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தார்.

"ஏய், என் நாற்காலி எங்கே?"

சேர்மதுரையின் கட்டில் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் துடைத்துவிட்டாள் மாரிக்கனி.

"உட்காருங்க சார். அண்ணாச்சியால ஆபீசுக்கு வர முடியல. அதான் ஆபீசையே கூட்டியாந்துட்டேன்."

வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. வக்கீலும் அடக்கமாட்டாமல் சிரித்து, உட்கார்ந்து, கையெழுத்து வாங்கி, கோட்டுப் பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அடுத்த கட்டிலிலிருந்து ஒரு அம்மாள் தன் பத்திரத்தை நீட்டினாள்.

"சார், ஆபீசைக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடுங்க."