வேம்பி கேட்ட உரை

போர் முடிந்து ஒரு மழைக்காலம் கழிந்தும் கரையூரில் யாரும் வாய்விட்டு அழவில்லை. வீரர்களுக்காக அழுவது அவர்களுக்கு இழுக்கு என்று அரண்மனை முரசறைந்திருந்தது. அழுகைக்குப் பதிலாகக் கோட்டை மைதானத்தில் ஒரு நினைவு விழா. அது முடிந்ததும் அடுத்த போருக்கு ஆள் சேர்ப்பார்கள் என்று ஊருக்கே தெரியும்.

விழாவில் பேச வேண்டியவன் சேந்தன். ஒரு காலத்தில் அரசவையையே தன் பேச்சால் கட்டிப்போட்டவன். தலை நரைத்த பிறகு ஐயூர் அடிகளிடம் சீடனாக வந்து சேர்ந்தான். பேசச் சொல்லி அரசனே ஆளனுப்பியிருந்தான். மறுக்க வழியில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அடிகளே, இத்தனை பேர் எதற்காகச் செத்தார்கள்? எனக்கே தெரியவில்லை. ஊருக்கு நான் என்ன சொல்வேன்?"

"உரையைத் தயாரித்துவிட்டாய் என்றார்களே?"

"தயாரித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது."

"பரிசல்துறை வேம்பியிடம் போய்ப் பேசிக் காட்டு" என்றார் அடிகள்.

வேம்பியின் பிள்ளைகள் இரண்டு பேர் போரிலிருந்து திரும்பவில்லை. சேந்தன் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான்.

"அவர்கள் சாகவில்லை. இந்த மண்ணாகவே ஆகிவிட்டார்கள். அவர்கள் சிந்திய ரத்தம் நம்மைக் கூப்பிடுகிறது..."

பழைய குரல் தானாக ஏறியது. வேம்பி சட்டென்று எழுந்து வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"ஏனம்மா, நன்றாக இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு சாமி. உள்ள என் கடைசி மகன் இருக்கான். அவன் காதுல விழுந்துடப் போவுது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

சேந்தன் உரையைப் பாதியில் நிறுத்தினான். அடிகளிடம் திரும்பி வந்தான்.

"பேசினால் ஊருக்குக் கேடு. பேசாவிட்டால் என் தலை தங்காது."

"ஆமாம்" என்றார் அடிகள். "நானும் கூட வருகிறேன்."

விழா நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் போர்முரசு. பக்கத்தில் படைத்தலைவர். சேந்தன் எழுந்து நின்றான். தயாரித்ததில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. முன்வரிசையில் வேம்பி தெரிந்தாள்.

"வேம்பி, உன் மூத்தவன் எப்படி இருப்பான்?"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே எழுந்தாள்.

"பொறையன்... இடி இடிச்சா பயப்படுவான் சாமி. மீசை முளைச்ச பிறகும் எம் பக்கத்துல வந்து படுத்துக்குவான்."

யாரோ சிரித்தார்கள். வேம்பியும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து பெரிய அழுகையாக வெளியே வந்தது.

"எங்க வீட்டுக்காரர் பாட ஆரம்பிச்சா நாய்கூட ஓடிடும்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"எம் பையனுக்குப் பொண்ணு பார்த்து வச்சிருந்தேன்" என்று ஒருவர் எழுந்தார்.

அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முரசறைகிறவன் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் அண்ணனைப் பற்றிப் பேசினான். வெயில் தாழ்ந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

படைத்தலைவர் விறுவிறுவென்று மேடையோரம் உட்கார்ந்திருந்த அடிகளிடம் வந்தார்.

"எதற்காகச் செத்தார்கள் என்று உம் சீடன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொழுது போகிறது, நான் ஆள் சேர்க்க வேண்டும். இந்த ஒப்பாரி எப்போது முடியும்?"

அடிகள் சற்று நகர்ந்து தம் பக்கத்தில் இடம் விட்டார்.

"யார் செத்தார்கள் என்றே இன்னும் சொல்லி முடியவில்லையே ஐயா. நீங்களும் உட்காருங்கள். உங்கள் தம்பியும் இந்தப் போரில்தானே போனார்? அவர் எப்படி இருப்பார்?"