திரும்பிப் பாக்காம எழுதுன நாடகம்

கள்ளிக்குண்டுல மூணு பேரு இருந்தானுங்க. மூணு பேருக்கும் சேத்து ஒரே மூளைன்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு மூளையை மூணு பேரு எப்படிப் பங்கு போடுறது, சண்டைல்ல வரும்? மூத்தவன் அருஞ்சுனை. அடுத்தவன் சொரிமுத்து. மூணாமவன் மாடக்கண்ணு. இவனுக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரியும். பாவம், இவனுக்கு இப்படி ஆயிப்போச்சேன்னு மத்த ரெண்டு பேரும் இவனை ரொம்ப அனுசரணையாப் பாத்துக்குவானுங்க.

அருஞ்சுனைக்குத் தாய்மாமன் குமரையா மக பூரணத்தைக் கட்டிக்க ஆசை. பூரணத்துக்கும் ஆசைதான், ஏன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க. குமரையா கறாராச் சொல்லிட்டாரு: "பங்குனிக் கோயில் கொடைத் திருவிழாவுல நீயே ஒரு நாடகம் எழுதி மேடை ஏத்துலே. ஏத்துனா பொண்ணு உனக்கு. இல்லன்னா கம்பவுண்டர் மாப்பிள்ளை தயாரா நிக்காரு."

மூணு பேரும் ஞானப்பிரகாசம் வாத்தியாருட்டப் போனானுங்க. அவரு பத்திரிகைல எல்லாம் எழுதுறவரு.

"எழுத்துங்கிறது ஒரு பழக்கம்லே," அப்படின்னாரு. "தினமும் ஒரே நேரம், ஒரே எடம். ஒக்காந்தா ஒரு பக்கம் முடியாம எந்திரிக்கக் கூடாது. முக்கியமா, எழுதுனதத் திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா அடிச்சுத் திருத்தத் தோணும், வேலை ஓடாது."

நல்ல மனுசன். நல்லதுதான் சொன்னாரு. எங்க சின்ன நாத்தனாக்கிட்டக்கூட நான் நல்லதுதான் சொன்னேன், வடகத்தை மொட்டை மாடில காயப்போட்டுருக்கேன், பத்திரமாப் பாத்துக்கோன்னு. வெயில் சுடுமேன்னு நாள் பூரா அதுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்த வடகம் இன்னிக்கு வரைக்கும் காயல. அது கெடக்கட்டும்.

மொத நாள் காலையில ஆறு மணிக்கு ஊரணிக்கரையில ஒரு டிராக்டர் டிரெய்லர் சும்மா நின்னுச்சு. மூணு பேரும் அதுல ஏறி ஒக்காந்து ஒரு பக்கம் எழுதி முடிச்சானுங்க. மறுநாள் போனா டிரெய்லரைக் காணோம், செங்கச் சூளைக்குப் போயிருச்சு.

"ஒரே எடம்னாரே வாத்தியாரு," அப்படின்னான் சொரிமுத்து. "எடம் எங்கலே?"

"எடம் ஊரணிக்கரைலதான் இருக்கு. டிரெய்லர்தான் போயிருச்சு," அப்படின்னான் மாடக்கண்ணு.

அருஞ்சுனை ரொம்ப நேரம் யோசிச்சான். "நீ நேத்து எதுமேல ஒக்காந்த?"

"டிரெய்லர் மேல."

"அப்ப எடம் சூளைக்குப் போயிருக்கு. வாங்கலே, ஓடுவோம்."

அன்னிலேருந்து தினமும் டிரெய்லர் எங்கயோ, இவனுங்க அங்க. ஒருநாள் ஆத்துமணல் ஏத்திக்கிட்டுப் போகுது, மணல் மேல ஒக்காந்து எழுதுறானுங்க. எறக்குற எடம் வந்ததும் டிரைவரு, "எறங்குங்கலே!"ன்னு கத்துறாரு. பக்கம் பாதிதான் ஆயிருக்கு, எப்படி எந்திரிக்க? அவரு டிரெய்லரைத் தூக்கிக் கவுத்திட்டாரு. மணலோட மணலா மூணு பேரும் சரிஞ்சு கீழ வந்துட்டானுங்க.

வாய்ல இருந்த மணலைத் துப்பிட்டு மாடக்கண்ணு கேட்டான்: "இது எந்திரிச்சதுல சேருமாலே?"

"எப்படிச் சேரும்? ஒக்காந்தாப்லதான வந்தோம்," அப்படின்னான் அருஞ்சுனை. மிச்சத்தையும் எழுதிட்டுத்தான் எந்திரிச்சானுங்க.

இதுல பெரிய செரமம், திரும்பிப் பாக்கக் கூடாதுங்கிறதுதான். எழுதுன தாளை அப்படியே குப்புறக் கவுத்து மஞ்சப் பையில போட்டுருவானுங்க. மறுநாள் காலையில பேச்சு ஆரம்பிக்கும்.

"நேத்து எதுலலே விட்டோம்?"

"பாக்கக் கூடாதே."

"ராஜா வந்தாருன்னு ஒரு ஞாபகம்."

"வந்தாரா, வரணுமா?"

"வராமப் போயிட்டா கதையே இல்லியேலே! எதுக்கும் இன்னிக்கு வரச் சொல்லிருவோம்."

ராஜா வருவாரு. அவரு பட்டப்பேரெல்லாம் சொல்லி சிம்மாசனத்துல ஒக்கார வைக்கிறதுக்குள்ள ஒரு பக்கம் முடிஞ்சிரும். மறுநாளும் இதே பேச்சு.

வாத்தியாரு ஒருநாள் வழியில பாத்து அசந்து போயிட்டாரு. "ஒரு நாள்கூட விடலியா? இந்தப் பழக்கம் எனக்கே வரலியேலே!"ன்னு கண்ணுல தண்ணி விட்டுட்டாரு. ஒத்திகை பாக்கணும்னா எழுதுனதப் பாக்கணுமேன்னு இவனுங்க ஒத்திகையும் பாக்கல.

கொடை வந்துச்சு. பொழுது சாயுற நேரம், ஊரே மேடைக்கு முன்னாடி. மொத வரிசைல குமரையா, பக்கத்துலயே கம்பவுண்டரு. மாடக்கண்ணு திரைக்குப் பின்னாலருந்து வாசிச்சான்: "ராஜா வருகிறார். அமர்கிறார்."

அருஞ்சுனை அட்டைக் கிரீடத்தோட வந்து ஒக்காந்தான். ஒரே கைதட்டு. "பய தேறிட்டான்யா," அப்படின்னாரு குமரையா.

மாடக்கண்ணு அடுத்த தாளை எடுத்தான். "ராஜா வருகிறார்."

"ஏலே, அதான் வந்துட்டேன்ல?"

"வரணும்னு எழுதியிருக்கு."

"அப்ப எந்திரிச்சுப் போயிட்டு வரட்டா?"

"எந்திரிக்கிறார்னு எழுதலியே!"

வேற வழி? மந்திரி வேசம் போட்டிருந்த சொரிமுத்து ராஜாவா வந்து ஒக்காந்தான். அடுத்த தாளுக்கு மாடக்கண்ணே தாளோட வந்து ஒக்காந்தான். அதுக்கடுத்த தாளுக்கு ஆளில்ல. மேடை அப்படியே நிக்கிது. நாடகம் நின்னா பொண்ணு போச்சே! அருஞ்சுனைக்கு ஒட்டுமீசை வேர்வையில கழண்டு தொங்குது.

"மாமா! கொஞ்சம் வந்து ஒக்காருங்க மாமா!"

மருமகன் மானம் போனா தன் மானமும் போகும்ல? குமரையா துண்டைத் தலையில உருமாலாக் கட்டிக்கிட்டு மேடை ஏறிட்டாரு. அடுத்து கம்பவுண்டரு. அடுத்து மைக்செட்காரரு, நாட்டாமை, பூசாரி. எங்க வீட்டுக்காரருகூட ஏறுனாரு. வீட்ல ஒரு தம்ளரை எடுத்து வைக்க மாட்டாரு, அங்க அந்த மிடுக்கைப் பாக்கணுமே! தாளு தீரல. மேடை கொள்ளாம ராஜாக்க ஒருத்தர் மடியில ஒருத்தரு ஒக்காந்தாங்க. பொம்பளைங்க நாங்களும் ராஜாதான்.

ஒருவழியாத் தாளு தீந்துச்சு. கீழ பூரணம் மட்டுந்தான் மிச்சம்.

"மச்சான், அதான் நாடகம் ஏத்தியாச்சுல்ல? அப்பாகிட்டக் கேளுங்க!"ன்னு கீழருந்து கத்துனா.

அருஞ்சுனை கிரீடத்தைச் சரி பண்ணிக்கிட்டான். "மாமா, சொன்ன மாதிரி நாடகம் போட்டுட்டேன். பொண்ணைக் குடுங்க."

குமரையா மீசையை ஒரு முறுக்கு முறுக்குனாரு. "அப்பச் சொன்னது வாஸ்தவந்தான். ஆனா இப்ப நான் ராஜா. நாடகம் போட்டுத் திரியிறவனுக்கு என் பொண்ணைக் குடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

மேடையில இருந்த ராஜாக்க அத்தனை பேரும் கூடிப் பேசி, அப்படிக் குடுக்குறது மொறையில்லதான்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. மொத ஆளா கை தூக்குனவன் அருஞ்சுனை.