கழுவி வைத்த டப்பா

“பவுனம்மா, நீங்க சொன்னது பலிக்கலை” என்று வந்து நின்றார் வைத்திலிங்கம்.

நகராட்சி உரக்கிடங்கில் பவுனம்மா மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். குப்பையை மண்ணாக்குவதுதான் அவள் வேலை. அவளுக்கு வயது முப்பத்தைந்து. பாடம் கேட்க வந்தவருக்கு அறுபத்தாறு, ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஞானத்துக்கு வயசு பார்த்தால் நடக்குமா?

மாஸ்டர் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். கரும்புச் சக்கையில் செய்த சாப்பாட்டு டப்பாக்கள்.

“காய்ஞ்ச இலையோட தொட்டியில போட்டா மக்கிடும்னீங்க. ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணுகூட மக்கல. பாருங்க, இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு.”

“மக்கலேன்னா இருந்துட்டுப் போகட்டுமே சார்.”

“இருந்துட்டுப் போகட்டுமா!” மாஸ்டர் பதறினார்.

மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளும் ஒண்டிக்கட்டை அவர். கால் முறிந்து கிடந்த நாற்பத்தொரு நாளும் எதிர்வீட்டு மும்தாஜ்தான் சோறு கொடுத்தாள். ஒரு வேளை தவறவில்லை. மனுஷர் மீன் தொடமாட்டார் என்று அவருக்காகத் தனியாக ரசம் வைத்தாள். “நடக்க முடியாதவர் பாத்திரம் வேற விளக்கணுமா?” என்று சக்கை டப்பா ஒரு கட்டு வாங்கி, அதில் போட்டே அனுப்பினாள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா, சொல்லுங்கள்.

“வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்த பழக்கம் எங்க வீட்டுல கிடையாதும்மா” என்றார் மாஸ்டர். “இதுல திருப்பிக் குடுக்கப் பாத்திரமே இல்ல. சரி, அந்த டப்பாவையே மண்ணாக்கி, அதுல ஒரு மல்லிகைப் பதியன் வச்சுக் குடுக்கலாம்னு பார்த்தேன். ஞாயித்துக்கிழமை அவங்க மாத்தலாகி ஓசூர் போறாங்க. நான் நன்றிகெட்டவனா நிக்கிறேன்.”

பவுனம்மா ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்தாள்.

“என்ன சார், சோப்பு வாசனை வருது?”

“கழுவாம போடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காயவச்சு, மூடியை அழுத்தி மூடித்தான் தொட்டியில அடுக்கினேன்.”

அவள் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“நீங்க கழுவ வேணாம்னுதானே சார் அந்தம்மா அதுல அனுப்பிச்சாங்க?”

மாஸ்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். ஆமாம், அதுதானே!

பவுனம்மா அந்த டப்பாவை நாலாகக் கிழித்தாள். தட்டில் மிச்சமிருந்த சாம்பார் சோற்றை அதன்மேல் வழித்துப் போட்டு, தட்டிலேயே கையலம்பி, அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள். எல்லாவற்றையும் பக்கத்தில் மக்கிக்கொண்டிருந்த உரக் குவியலில் எறிந்தாள்.

“ஐயய்யோ, எச்சிலாச்சேம்மா!”

“புழுவானாலும் நாக்கு இருக்கும்ல சார். சோத்து வாசமே இல்லாத டப்பாவை எது வந்து திங்கும்? குவியலுக்குள்ள கையை விட்டுப் பாருங்க.”

எச்சில் என்றால் பத்தடி தள்ளி நிற்கும் மனுஷர். தயங்கித் தயங்கிக் கையை விட்டார்.

உள்ளே இதமான சூடு.

கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

“இது எப்பம்மா மண்ணாகும்?”

“மூணு மாசம்.”

“ஞாயித்துக்கிழமைக்கு இடையில ரெண்டே நாள்தானே இருக்கு!” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பவுனம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். மற்ற டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல என்ன குறை, சொல்லுங்க.”

மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு குறையும் இல்ல. காலியா இருக்கு, அவ்வளவுதான்.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

பவுனம்மா அதற்குள் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாங்கித் தாங்கி அவள் பின்னாலேயே ஓடினார் மாஸ்டர்.

“பவுனம்மா, பவுனம்மா! சேமியா கேசரிக்குத் தண்ணி எவ்வளவும்மா வைக்கணும்?”